பீங்கானுக்கு ஒட்டாத கிளேஸ்: சூளை நாட்குறிப்பு

அக்டோபர் 6

காலையில் சூளை திறந்தோம். ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல்போல் வெந்த மண்) கிண்ணங்களில் ஒரு குறையும் இல்லை. அதே தெளிவு கிளேஸில் (பாத்திரத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) முக்கியெடுத்த பீங்கான் கோப்பைகள் எல்லாவற்றிலும் மயிரிழை விரிசல். வெளியே எடுத்து வைத்த பிறகும் டிங், டிங் என்று சத்தம் நிற்கவில்லை. "பாட்டுக் கச்சேரி ஆரம்பிச்சாச்சு" என்கிறார் சூளை பார்க்கும் அண்ணன்.

கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை 1971-இல் தொடங்கிய ஊர் இது. புதுச்சேரியில் கைமாறி என்னிடம் வந்த கிளேஸ் கணக்குகள் எல்லாம் ஸ்டோன்வேருக்குப் போட்டவை. பீங்கான் என்று வந்துவிட்டால் கணக்கே வேறு.

அக்டோபர் 7

பீங்கான் அதிகம் சுருங்குவதால்தான் வெடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்து வெந்து முடிவதற்குள் 12 முதல் 15 சதவீதம் சுருங்குவது உண்மைதான், ஆனால் அது நடக்கும்போது கிளேஸ் இன்னும் இறுகியிருக்காது. சிக்கல் சூளை ஆறும்போதுதான் வருகிறது. ஸ்டோன்வேரில் கரையாத குவார்ட்ஸ் (மணலில் உள்ள கனிமம்) நிறைய மிச்சம் இருக்கும். 573 டிகிரி செல்சியஸில் அது சட்டென்று சுருங்க, மேலே ஏற்கெனவே இறுகிவிட்ட கிளேஸ் அழுத்தத்துக்குள் வரும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பீங்கானில் குவார்ட்ஸில் பெரும்பங்கு பெல்ட்ஸ்பார் என்ற, சூட்டில் உருகும் கனிமத்தோடு உருகிக் கலந்துவிடுவதால் அந்த உதவி கிடைப்பதில்லை. மண் குறைவாகச் சுருங்க, கிளேஸ் இறுக்கமான சட்டைபோல் கிழிகிறது.

இந்த விரிசலையே அழகாக்கிய சீனக் குயவர்கள் உண்டு. பூஜாடிக்குச் சரி. குடிக்கும் கோப்பையில் எனக்கு வேண்டாம். டீக்கறை ஏறும், பாத்திரத்தின் வலுவும் குறையும்.

அக்டோபர் 11

இப்போதைய கணக்கு: பெல்ட்ஸ்பார் 45, குவார்ட்ஸ் 25, சுண்ணாம்புக்கல் தூள் 20, கயோலின் (வெள்ளைக் களிமண்) 10. ஆறும்போது கிளேஸை அதிகம் சுருங்கவைப்பவை பெல்ட்ஸ்பாரில் வரும் சோடியமும் பொட்டாசியமும். அதில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு டால்க் (மாக்கல் தூள்) போடலாம், மக்னீசியம் வரும். ஆனால் கூடினால் தெளிவு போய்ப் பால் ஓடும். எனவே முதலில் குவார்ட்ஸ்: கிளேஸுக்குள் உருகிக் கலந்துவிட்டால் அது கிளேஸின் சுருக்கத்தைக் குறைக்கும். நூறு பங்குக்கு மேல் 5, 10, 15 என்று கூட்டிக் கலக்கி வைத்தேன்.

கூடவே இன்னொன்று. தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712-இல் சீனத்திலிருந்து எழுதிய கடிதத்தில் ஜிங்தேஜென் என்ற பீங்கான் ஊரின் வேலைமுறையை விவரிக்கிறார். பாத்திரத்துக்கு இடிக்கும் கல்லின் இனத்தையே கிளேஸுக்கும் எடுத்து, சுண்ணாம்பையும் பெரணியையும் சேர்த்து எரித்த சாம்பலைக் கலந்திருக்கிறார்கள். மண்ணுக்கும் கிளேஸுக்கும் ஒரே பூர்வீகம்! எனக்குப் பிடித்த வழி இதுதான். காய்ந்த பீங்கான் துண்டுகளை இடித்துச் சலித்து, 70-க்கு 30 சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்தேன்.

அக்டோபர் 18

மழை. கிளேஸில் முக்கியெடுத்த சோதனை வில்லைகள் காயவே மாட்டேன் என்கின்றன.

அக்டோபர் 23

கோன் 10 (சூளைச் சூட்டைக் காட்டும் கூம்பு) வரை ஏற்றிய சூளை இன்று திறந்தது. 5 கூட்டியதில் விரிசல்கள் அகல அகலமாகத் தள்ளி விழுந்திருக்கின்றன, ஆனால் போகவில்லை. 10, 15 இரண்டும் கண்ணுக்குச் சுத்தம். பீங்கான் துண்டுக் கிளேஸ் பளபளப்பில்லாமல் வழவழவென்று வெள்ளையாக வந்திருக்கிறது. அலுமினா கூடுதல், அதனால்தான். தொட்டால் கை எடுக்க மனமில்லை.

கண்ணை மட்டும் நம்பக் கூடாது, சில விரிசல்கள் மாதங்கள் கழித்துக்கூட வரும். இரவு முழுக்க பிரீசரில் வைத்துக் கொதிநீரில் போட வேண்டும்.

அக்டோபர் 24

பிரீசரிலிருந்து கொதிநீரில் போட்டு எடுத்து, விரிசல் தெரிய மை தடவித் துடைத்துப் பார்த்தாயிற்று. 10-இல் கிளேஸ் தடிமனாக நின்ற அடிப்பக்கம் ஒரே ஒரு கோடு. 15 தேறிவிட்டது, பீங்கான் துண்டுக் கிளேஸும் தேறிவிட்டது. விளிம்புகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அழுத்தம் மிஞ்சினால் கிளேஸ் அங்கேதான் செதிலாக உதிரும், அது டீயோடு வாய்க்குள் போனால் விரிசலைவிட மோசம். உதிரல் இல்லை.

ஆர்டர் கோப்பைகளுக்கு 15, மெல்லிய பூச்சு. பீங்கான் துண்டுக் கிளேஸில் பெல்ட்ஸ்பார் கொஞ்சம் சேர்த்து, இரும்பு ஆக்சைடு 1.5 சதவீதம் போட்டுப் புகைச் சூளையில் (காற்றைக் குறைத்து எரிப்பது) பச்சை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெல்ட்ஸ்பார் மூட்டை அடியைத் தொட்டுவிட்டது. புதுசு வந்ததும் பிரீசர் சோதனையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.