அப்பாவின் 750 மில்லி

மார்ச் 5, 2024, செவ்வாய்

டயாலிசிஸுக்கு முன் அப்பாவின் எடை, ட்ரை வெயிட்டுக்கு (உடம்பில் மிகை நீர் இல்லாத எடைக்கு) மேல் 3.1 கிலோ. ஞாயிறு நடுவில் வந்தால் எப்போதும் இப்படித்தான். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து ஏறியது என்று டெக்னீஷியன் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 6

பெங்களூர் முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு. காலை ஆறரைக்கே காசு போட்டுக் குடிதண்ணீர் பிடிக்கும் ஆர்ஓ பிளான்ட் வாசலில் வரிசை வளைந்து டீக்கடை வரை போய்விட்டது. ஆளுக்கு ஒரு கேன்தான் என்று அட்டை தொங்குகிறது. எனக்கு முன்னால் நின்ற அக்கா பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு ஆளாகக் கணக்குக் காட்டி நிறுத்தியிருந்தாள், நல்ல மூளை. கேனை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால், அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "செத்த தண்ணிடா இது" என்கிறார். சிறுநீரகம் வேலை செய்யாததால் ஒரு நாளைக்கு அவருக்கு 750 மில்லிதான், காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதில் அடக்கம். அந்த முக்கால் லிட்டராவது கோலார் மலை ஊற்றான அந்தரகங்கைத் தண்ணியா இருக்கட்டுமே என்கிறார். வேறு எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் மறுக்க முடியவில்லை.

மார்ச் 8

சிவராத்திரி. இன்றைக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஞாயிறு பார்க்கலாம்.

மார்ச் 10, ஞாயிறு

நேற்றுதான் டயாலிசிஸ் முடிந்தது, இன்று தெம்பாக இருந்தார். நானும் வருவேன் என்று பிடிவாதம். சரி என்று இருட்டோடு கிளம்பி, கே.ஆர். புரம் தாண்டி பழைய மெட்ராஸ் ரோடு, ஹொஸ்கோட்டே, நரசாபுரா. 70 கிலோமீட்டர்தான், ஆனால் வழியெல்லாம் எனக்கு அவர் கணுக்கால் மேலேயே கண். படி ஏற முடியாது என்பதால் சதஸ்ருங்க மலை அடிவாரத்தில் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் கேன்களோடு ஏறினேன். காசி விஸ்வேஸ்வரர் கோயில் குளத்தில் கல் பசவன் (நந்தி) வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது, கோடைக்கு மெலிந்து. எனக்கு முன்னால் ஒரு அம்மா முந்தானையைக் குடத்தின் வாய்க்குக் கட்டி வடித்துப் பிடித்தார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் குரங்கைத் திட்டுகிறார்கள், குரங்குக்கு மூன்றும் புரிகிறது. என் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட் போயே போச்சு. வரிசையில் சண்டை இல்லை. ஒருவர் தன் குடத்தை நகர்த்தி, "வயசானவங்களுக்கா, பிடிச்சிக்கோ" என்று இடம் விட்டார். அடிவாரத்தில் காரைப் பார்த்திருப்பார் போல.

கீழே வந்ததும் அப்பாவின் முதல் கேள்வி: "எவ்ளோ கனமா விழுது? கட்டைவிரலா, சுண்டுவிரலா?" சுண்டுவிரல் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த நாளில் லீவு கிடைத்தால் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) பசங்களோடு தங்கவயலில் இருந்து சைக்கிளில் வருவாராம். லைன் குழாயில் வருவது பேத்தமங்கலத்து பாலாற்றுத் தண்ணீர், அதுவும் முறை வைத்து. சுரங்கத்துக்குள் 3 கிலோமீட்டருக்குக் கீழே பாறையே சுடும், சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஊற்றும், மேலே வந்தவுடன் சொம்பு சொம்பாகக் குடிப்போம் என்றார். நான் மூடியில் அளந்து 30 மில்லி கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார். கொதிக்க வைக்காமல் கொடுத்ததை அம்மாவிடம் சொல்லக்கூடாது.

திரும்பும்போது ஏரியில் தண்ணீர் பளபளத்தது. மார்ச் மாதத்தில்! நாம் பெங்களூரில் குளித்துக் கழுவி ஊற்றியதுதான். கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்து, கோலாரில் நிலத்தடி நீர் ஏறட்டும் என்று 2018 முதல் குழாயில் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கழிவு அங்கே போகிறது, நான் அங்கிருந்து குடிக்க எடுத்து வருகிறேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 11

தூக்கம் இல்லை. கோலார் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம், அத்தையின் பல்லில் இருக்கும் காவிக்கோடு அதுதான். ஆனால் அது ஆயிரம் அடிக்குக் கீழே பாறைக்குள் வருஷக்கணக்கில் ஊறிய தண்ணீர். இது மலை மேல் ஊற்று, மழை இறங்கி வருவது, அவ்வளவு இருக்காது என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம், பாறை இங்கேயும் பாறைதானே என்கிறது. நல்ல சிறுநீரகம் என்றால் ஃப்ளோரைடில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும், அப்பாவுக்கு அதுவும் உடம்பிலேயே தங்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டிப்படும். டிடிஎஸ் மீட்டரை முக்கி முக்கிப் பார்க்கிறேன், அது மொத்த உப்பைத்தான் காட்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்று நம் நாட்டுத் தரம் சொல்கிறது. அது முழுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு. 750 மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு விடிந்துவிட்டது.

மார்ச் 12

இந்த முறை ஏறியது 1.9 கிலோதான். டெக்னீஷியன் பாராட்டினார். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தே யோசித்தேன்: நிமிடத்துக்கு 500 மில்லி, 4 மணி நேரம், 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் அவர் ரத்தத்தைத் தொடாமல் தொட்டு ஓடிப் போகிறது. ஒரு சொட்டு அவருக்கு இல்லை.

மார்ச் 13

ஊற்றுத் தண்ணீர்ப் பாட்டிலில் நான் போட்ட பேனாக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. நான் ஊற்றவில்லை, அம்மாவும் ஊற்றவில்லை.

மார்ச் 15

ஊற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரர் போர்வெல்லை ராத்திரி 8 மணியோடு நிறுத்துகிறார். குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்ற உத்தரவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தன் காரை இன்று விடிகாலையில் கழுவினார். அம்மா ஜன்னலில் நின்று சத்தமாக எண்ணினாள்: "ஒரு வாளி, ரெண்டு வாளி..."

மார்ச் 17, ஞாயிறு

போகவில்லை. மழை கனவில்கூட இல்லை. அப்பா பேசவில்லை.

மார்ச் 18

பேசினார். "ரிப்போர்ட் வந்துச்சா?" அவரிடம் நான் எதுவுமே சொல்லவில்லையே!

மார்ச் 21

ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) கை வைத்தால் தெரியும் அந்த அதிர்வு மந்தமாக இருக்கிறதாம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கேனில் இன்னும் பாதி இருக்கிறது. அம்மா அதை வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டாள், எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

மார்ச் 22

டாப்ளர் நாளைக் காலை 10 மணி. ஆய்வகத்துக்குப் போன் பண்ணினேன், திங்கள் ஹோலி லீவு, செவ்வாய் வாங்க என்றார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைக்கு கேன்களை இப்போதே கழுவி, வாய் கீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார். கழுவ எந்தத் தண்ணீரை எடுத்தார் என்று