திருவெள்ளறையில் ஒரு ஸ்வஸ்திகக் கிணறு

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள திருவெள்ளறையில் புண்டரீகாட்சப் பெருமாளையும் பங்கயச்செல்வித் தாயாரையும் சேவித்தவர்கள், கோயிலையொட்டியுள்ள மார்ப்பிடுகு பெருங்கிணற்றையும் அவசியம் பார்க்க வேண்டும். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டிக் கம்பன் அரையன் என்பவர் எடுப்பித்த கிணறு இது. நான்கு பக்கப் படிவரிசைகளும் ஒரே போக்கில் மடங்கி நடுவிலுள்ள நீரை அடைவதால், கரையிலிருந்து நோக்கும்போது ஸ்வஸ்திக வடிவம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு துறையில் இறங்கியவரை அடுத்த துறையில் நிற்பவர் காண முடியாது. நீர் மட்டும் அனைவருக்கும் ஒன்றுதான். ஊரார் இதனை நாலுமூலைக் கேணி என்கின்றனர். மூப்பு வந்து தளர்த்துவதற்கு முன், உண்டது போக மிஞ்சியதை உலகறிய அறத்திற்கு வையுங்கள் என்று இங்குள்ள கல்வெட்டுப் பாடல் சொல்கிறது. மங்கலக் குறியைத் தாகம் தீர்க்கும் தருமமாகவே ஆக்கிவிட்ட அந்த மனத்தை எண்ணி நெகிழ்ந்து நின்றேன்.

சிந்துவெளி முத்திரைகளிலேயே காணப்படும் இக்குறி, சமணர்களுக்கு ஏழாம் தீர்த்தங்கரரான சுபார்சுவநாதரின் இலச்சினை. ஜினாலயத்தில் அவர்கள் அரிசியால் இதை வரையும்போது, நான்கு கரங்கள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நான்கு பிறவிகளையும், மேலே இடும் மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளையும் உணர்த்துகின்றன. ஜப்பானிய வரைபடங்களில் பௌத்த ஆலயம் இருக்கும் இடத்தைக் காட்டுவதும் இக்குறியே.

ஜெர்மனியின் நாஜிக் கட்சி 1920-இல் இதைச் சாய்த்துக் கருநிறத்தில் தன் கொடியில் பொறித்தது. அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் அடையாளமாக அது மாறியதால், அதைக் கண்டு இன்றும் நடுங்குவோரிடம் நம் குறி வேறு என்று வாதாடுவதை விட, அவர்கள் துயரை முதலில் மதிப்பதே முறை என்று கருதுகிறேன்.

என்னை மிகவும் வருத்துவது அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்ததுதான். அங்குள்ள பூர்வகுடிகளான நவஹோ மக்கள் நோய் தீர்க்கும் சடங்குகளின் மணல் ஓவியங்களிலும், கம்பளங்களிலும் இதே வடிவத்தைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1940-இல் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ ஆகிய நான்கு இனத்தவரின் பிரதிநிதிகள், முன்னோர் நட்பின் சின்னமாகப் போற்றிய இக்குறியை வேறொரு நாடு களங்கப்படுத்திவிட்டதால் இனி ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டனர். அக்கொடுமையில் எந்தப் பங்கும் இல்லாத மக்கள் அவர்கள்.