நாலு பென்ஸ் வாக்குறுதி: பிரிட்ஜ்வாட்டர் ட்யூக்கின் நிலக்கரித் தொழில்

இங்கிலாந்துப் பிரபு, 3-ஆம் பிரிட்ஜ்வாட்டர் ட்யூக் பிரான்சிஸ் எகர்ட்டனின் கதையைப் பலரும் 1758-ல் முறிந்துபோன அவருடைய திருமணப் பேச்சிலிருந்து தொடங்குவார்கள். மனம் நொந்து லண்டனை விட்டு வந்தார், கால்வாய் வெட்டினார் என்று. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. மான்செஸ்டருக்கு அருகே தங்கள் குடும்ப நிலமான வொர்ஸ்லியின் ஓடையில் படகு விட அவர் தந்தையே 1737-ல் சட்ட அனுமதி வாங்கி, கட்டாமல் விட்டிருந்தார். 11 வயதில் பட்டத்துக்கு வந்த மகன், ஐரோப்பியப் பயணத்தில் பிரான்சின் மிடி கால்வாயை நேரில் பார்த்தவர். பார்க்க வேண்டியது அவர் போட்ட கணக்கைத்தான்.

வொர்ஸ்லியில் நிலக்கரி இருந்தது, அதை வாங்க மான்செஸ்டரும் இருந்தது. இடையே இரண்டு தடைகள். ஆழம் போகப் போகச் சுரங்கத்தில் நீர் ஊறியது. வெளியே எடுத்த கரியைக் கொண்டுபோகப் பொதிக்குதிரைகளே கதி. ஒரு குதிரை சுமப்பது ஏறக்குறைய இரண்டரை ஹண்ட்ரட்வெயிட், அதாவது 130 கிலோ கூட இல்லை. கரியின் விலையில் பெரும்பகுதி அந்தக் குதிரைக்கூலிதான்.

இரண்டுக்கும் ஒரே விடை கிடைத்தது. ட்யூக்கின் காரியஸ்தர் ஜான் கில்பர்ட்டின் யோசனை இது என்பார்கள். கால்வாயின் நீர்மட்டத்திலேயே மலைக்குள் சுரங்கவழி குடைந்தால், ஊறும் நீர் பம்பு இல்லாமல் தானாக வெளியே வடியும். வடிந்த நீரே கால்வாய்க்கு ஊட்டமாகும். அந்த வழியில் படகு கரி வெட்டும் இடத்துக்கே போகலாம். குறுகலான, உள்விலாக்கட்டைகள் வெளியே தெரியும் அந்தப் படகுகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ஸ்டார்வேஷனர்’, பட்டினிக்காரன். உள்ளே குதிரை போகாது. ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, கூரையைக் காலால் உதைத்துத் தள்ளினார்கள். சரக்கேற்றிய படகுத் தொடரை வெளியேற்ற, மதகை மூடி நீரைத் தேக்கி, திறந்துவிட்டு அந்த ஓட்டத்தோடு மிதக்க விடுவதும் உண்டு. கடைசியில் இந்த நிலத்தடி நீர்வழிகள் நான்கு மட்டங்களில் சுமார் 46 மைல் நீளத்துக்கு வளர்ந்தன. மேல்மட்டப் படகுகளைக் கீழே இறக்க 1797-ல் பூமிக்குள்ளேயே ஒரு சாய்தளம் அமைந்தது. இறங்கும் கரிப்படகின் எடையே காலிப்படகை மேலே இழுத்தது.

கால்வாய்க்கு அனுமதி தந்த முதல் நாடாளுமன்றச் சட்டம் 1759-ல் வந்தது. அதன்படி கால்வாய் இர்வெல் ஆற்றைக் கடக்காமல் சால்ஃபர்டுக்குப் போகவேண்டும். 1760-ல் திட்டம் மாறியது. நீர்மட்டத்தை இறக்காமலே பார்ட்டனில் ஆற்றுக்கு மேலே, கால்வாய் நீரையே சுமக்கும் தொட்டிப்பாலம் கட்டிக் கடப்பது என்று முடிவானது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. மட்டம் மாறாவிட்டால், படகை நீரோடு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டியான மதகடைப்பு தேவையில்லை, ஒவ்வொரு படகுக்கும் நீரை இழக்கவும் வேண்டாம்.

கால்வாயின் கசிவைத் தடுத்தது குழைத்த களிமண். களிமண்ணோடு மணல் கலந்து, நீர்விட்டு, மண்வெட்டியால் கொத்தி, மிதித்து, அடுக்கடுக்காகப் போடுவார்கள். ஓர் அடுக்கு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டு ஒட்டவைக்க வேண்டும், காய்ந்தால் வெடித்து அந்தக் கோட்டிலேயே நீர் ஒழுகும். ஆனால் இந்த மண்ணுக்கு எடை அதிகம். பார்ட்டனில் நீர் நிரப்பியபோது பாலத்தின் ஒரு வளைவு நெளிந்ததாகவும், கில்பர்ட் மண்ணை எடுத்துச் சுமையைக் குறைத்து மறுபடி போட்டதாகவும் சொல்வார்கள். 1761 ஜூலை 17 அன்று படகு ஆற்றைத் தாண்டியது.

நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக ட்யூக் கொடுத்த வாக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 40 ஆண்டுகளுக்கு மான்செஸ்டரில் கரியை ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 4 பென்ஸுக்கு மேல் விற்பதில்லை. அதுவரை விலை 7 பென்ஸ் அளவில் இருந்தது. கால்வாய் வந்ததும் மூன்றரைக்கு இறங்கியது. லாபத்தை விலையில் தேடாமல் அளவில் தேடினார்.

ஆனால் கால்வாயை மெர்சி ஆற்றங்கரையிலுள்ள ரன்கார்ன் வரை நீட்டியபோது பணம் வறண்டது. 1765-ல் முதல் கால்வாயை அடமானம் வைத்து லண்டனின் சைல்ட் வங்கியில் 25,000 பவுண்ட் வாங்கினார். வீட்டுச் செலவை ஆண்டுக்கு 400 பவுண்டாகச் சுருக்கினார். ரன்கார்னில் மெர்சிக்கு இறங்கும் 10 மதகடைப்புகள் 1773-ல் திறந்தும், நார்ட்டன் நிலச்சொந்தக்காரர் வழிவிட மறுத்த ஒரு சிறு துண்டு 1776 வரை பாதையை அடைத்து நின்றது. கடன் வாங்கி வேலையைத் தொடங்குகிறவர் முதலில் முடிக்கவேண்டியது வழியுரிமை.

1803-ல் மணமாகாமலே இறந்தார், ட்யூக் பட்டம் அவரோடு முடிந்தது. கால்வாயை ஓர் அறக்கட்டளையிடம் விட்டு, நிர்வாகம் முழுவதையும் ராபர்ட் பிராட்ஷா கையில் கொடுத்தார். வருமானம் சகோதரியின் மகன் ஸ்டஃபோர்ட் பிரபுவுக்கு. பிராட்ஷாவின் காலத்தில் லிவர்பூல் வணிகர்கள் கட்டணம் கூடுதல், சரக்கு தாமதம் என்று முறையிட்டு லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதைக்கு ஆதரவு திரட்டினார்கள். எதிர்ப்பைத் தணிக்க 1825-ல் ஸ்டஃபோர்டுக்கே ரயில் கம்பெனியில் 1,000 பங்குகள் தரப்பட்டன, அவரும் வாங்கிக்கொண்டார். 1830 செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியதும், கால்வாய் தன் கட்டணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.