செயின் கவரைக் கழற்றிவிடாதீங்க

ஸ்பிளெண்டர் பைக் என்றாலே எல்லாரும் மைலேஜைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த வண்டியில் ரொம்பப் பிடித்தது செயினை மேலும் கீழும் முழுசாக மூடியிருக்கிற அந்தத் தகரக் கவர்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பாதைகளில் செயின் திறந்து கிடந்தால் செம்மண் சேறு கிரீஸோடு குழைந்து செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல்லை அரைத்துத் தின்றுவிடும். குளச்சல், முட்டம் பக்கம் போனால் உப்புக்காற்று, துரு. விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டக் கிளம்புகிறவரும் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஓடுகிறவரும் உட்கார்ந்து செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவர்களுக்காகவே யோசித்துச் செய்தது மாதிரி இருக்கிறது இந்தக் கவர். இளசுகள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டைல் என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம் இன்ஜின். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994இல் வந்த ஸ்பிளெண்டர் இரண்டிலும் அதே 97.2 சிசி, அதே படுத்த சிலிண்டர். அதற்கு மூதாதை 1958இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப். அதில் ஏறி இறங்கக் கால் வழி விடுவதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைத்தார்கள். ஸ்பிளெண்டரில் கால் வழி தேவையில்லை, ஆனாலும் அந்தப் படுக்கை வேறு வகையில் உதவுகிறது. பாரம் தாழ்வாக இருக்கும், சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட் எதிர்க்காற்றில் நிற்கும், டாங்கைக் கழற்றாமலே மெக்கானிக் டேப்பெட் (வால்வு இடைவெளி) செட் பண்ணிவிடலாம், அதனால் கூலியும் குறையும். மைலேஜுக்குக் காரணம் சின்ன இன்ஜின் மட்டுமல்ல. வண்டியே 110 கிலோ அளவுதான், 18 அங்குலச் சக்கரத்தில் ஒல்லி டயர், உருளும்போது எதிர்ப்பு குறைவு.

குறையும் உண்டு. அந்த எடைக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்தால் வண்டியை இழுத்துப் பிடித்தபடியே ஓட்டணும். பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கத்தில் இரண்டு பேர் இருந்தால் டிரம் பிரேக் போதாது, இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறைத்துவிடுவதுதான் சரி.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைப் பிடுங்கி உள்ளே விரல் விட்டுச் செயினை ஆட்டிப் பாருங்கள். ரொம்பத் தளர்ந்திருந்தாலோ துரு கையில் வந்தாலோ செயின் செட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.