ஏசி ஆடம்பரம், ஹீட்டர் அத்தியாவசியமா?

குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கினால் அது அத்தியாவசியம், சென்னையில் படுக்கையறையைக் குளிர வைத்தால் அது ஆடம்பரம். இப்படி ஒரு எண்ணம் நம்ம ஆட்களுக்கே இருக்கிறது. போன ஜூலையில் அமெரிக்காவில், குளிருக்குப் பேர்போன மினியாபொலிஸில் இருக்கும் சித்தி பையன் போனில், "என்னண்ணா, எல்லாரும் ஏசியே கதின்னு ஆயிட்டீங்க, இவ்வளவு கரண்டுக்கு எங்க போறது?" என்று அக்கறையாகக் கேட்டான். சரி, உன் ஜனவரி மாச கேஸ் பில்லை அனுப்பு, என் பில்லை நான் அனுப்புகிறேன், பார்த்துவிடுவோம் என்றேன்.

அங்கே வீட்டைச் சூடாக்குவது குழாயில் வரும் கேஸ், அதை அளக்கும் அலகு தெர்ம். அவன் பில்லில் 130 தெர்ம். ஒரு தெர்ம் என்பது நம்ம யூனிட் கணக்கில் 29-க்குக் கொஞ்சம் மேல், ஆக ஒரே மாதத்தில் ஏறக்குறைய 3,800 யூனிட். சமையலுக்கும் குளிக்கிற வெந்நீருக்கும் கொஞ்சம் போயிருக்கும், மீதி எல்லாம் வீட்டைச் சூடாக்கத்தான். என்னுடையது மே, ஜூன் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 640 யூனிட், அதில் ஏசிக்கு மட்டும் 350 போல வைத்துக்கொள்ளலாம்.

உடனே காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள முடியாது. அவன் வீடு முழுவதையும் ராப்பகலாகச் சூடாக்குகிறான், நாங்கள் ஒரே ஒரு அறையை, அதுவும் ராத்திரி மட்டும். அப்புறம் இன்னொன்று, அவன் கேஸை வீட்டிலேயே எரித்துவிடுகிறான், நமக்கோ அத்திப்பட்டு அனல் மின் நிலையம் மாதிரி இடங்களில் நிலக்கரியை எரித்து அதன் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கம்பியில் ஏறுகிறது. என் 350-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், அப்பவும் இரண்டு மாதத்துக்கு ஆயிரம் சொச்சம்தான். இது என் வீட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சிவாக், மினியாபொலிஸையும் நம்ம ஊர் போலவே வெக்கையும் புழுக்கமுமான மியாமியையும் ஒப்பிட்டு, வீட்டை வசதியான சூட்டில் வைத்திருக்க மினியாபொலிஸில் சுமார் மூன்றரை மடங்கு ஆற்றல் ஆகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

காரணம் ரொம்ப எளிது. சென்னையில் மே மாதம் வெளியே 38 டிகிரி, உள்ளே 26 போதும் என்றால் வித்தியாசம் 12. அங்கே ஜனவரி ராத்திரி மைனஸ் 15, உள்ளே 20 வேண்டும் என்றால் வித்தியாசம் 35. இது போக, ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை, நல்ல இன்வெர்ட்டர் ஏசி என்றால் அதற்கு மேலும், வெளியேற்ற முடிகிறது. எரித்துச் சூடாக்கும்போது ஒன்றுக்கு ஒன்றுகூட முழுதாகக் கிடைக்காது. (அதே ஏசியைத் திருப்பிப் போட்டது போன்ற ஹீட் பம்ப் வைத்தால் அங்கேயும் செலவு குறையும், ஆனால் கடுங்குளிரில் அதன் திறன் இறங்கிவிடும்.)

அப்படியானால் நமக்கு ஏன் பில்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது? விலைதான். கேஸ் அவனுக்கு யூனிட் கணக்கில் மூன்று ரூபாய் பக்கம் விழுகிறது. எனக்கோ ஏசி ஓடுவதால்தான் யூனிட் 500-ஐத் தாண்டுகிறது. 2024 ஜூலை கட்டணப்படி அந்த இடத்தில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் பதினோரு ரூபாய்க்கு மேல். இதில் 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய்விடுவதால் பில் ஒரே தாவலில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங் என்பதால் மேயும் ஜூனும் ஒரே பில்லில் வந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

புழுக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏசியின் வடிகுழாய்க்கு அடியில் பக்கெட் வைத்துப் பாருங்கள், விடிவதற்குள் எட்டு லிட்டர் சாதாரணமாகச் சேரும். காற்றில் இருக்கும் ஈரம் ஒரு லிட்டர் தண்ணீராகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை விடுகிறது, அதையும் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். அறைச் சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்காமல், ஈரத்தை எடுப்பதற்கே ராத்திரிக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. டெல்லியில் இருப்பவர்கள் ஏர் கூலரே போதுமே என்று யோசனை சொல்வார்கள். அந்த வறண்ட வெயிலுக்குச் சரி, இங்கே அதைப் போட்டால் மெத்தை நனைந்த மாதிரி ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஏசியைவிட கீசர்தான் எதிரி. அதன் மேல் 2000 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததிலிருந்து பயம். உண்மையில் 15 லிட்டர் தண்ணீரை 25-லிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்கூட ஆகாது, கால் மணி நேரத்துக்குள் தானாகவே நின்றுவிடும். அதே அம்மா ராத்திரி முழுக்க ஐந்தாறு யூனிட் இழுக்கும் ஏசியை 22-ல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்! மே மாதம் கீசரே வேண்டாம் என்பது வேறு விஷயம், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீர்தான்.

2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரையுள்ள ஏசிகள் எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். இப்போது நாங்கள் 27-ல் வைத்து, கரண்டைக் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறியையும் ஓடவிடுகிறோம், தூக்கம் நன்றாகவே வருகிறது. இனி மிச்சம் பிடிக்க வேண்டியது மொட்டை மாடித் தளத்தில்தான். கடைசி மாடி என்பதால் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் தலைக்கு மேலே அனலை இறக்குகிறது, ஏசியின் பாதி உழைப்பு அதோடுதான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் என்று அசோசியேஷனில் கேட்டேன். தரைத்தளத்தில் இருப்பவர்கள், எங்களுக்கு எதுக்கு சார் அது என்கிறார்கள், அவர்கள் பில்லில் அந்தச் சூடு ஏறாததால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. கடைசி மாடி வீடுகள் மட்டும் பங்கு போட்டால் எவ்வளவு ஆகும் என்று இப்போது விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன், மார்ச்சுக்குள் அடித்துவிட வேண்டும்.