வாசல் பூச்செடிகளும் இந்தக் கோடையும்

ஏப்ரல் 16
செம்பருத்தி மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. காங்கயம் வெயில்தானே என்று இரண்டு வேளையும் தண்ணீர் விட்டுவந்தேன். இன்று ஆத்தா திண்ணையில் இருந்தபடியே தண்டைக் காட்டினார்: "எறும்பு சும்மா ஏறுமா சாமி? மேல என்னமோ இருக்குது பாரு." கொழுந்தை விலக்கினால் பஞ்சு அப்பியதுபோல மாவுப்பூச்சி! அது சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கிறது. அதைக் குடிக்க வரும் எறும்பு, பூச்சிக்குக் காவலும் நிற்கிறது.

ஏப்ரல் 17
மோசமான கொழுந்துகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய மட்டும் கொஞ்சம் சோப்பு. பொழுது இறங்கிய பிறகே அடித்தேன். போன வருஷம் காலை பத்து மணிக்கு அடித்து இலையெல்லாம் கருகிப்போனது. தண்டில் டேப் சுற்றி அதன்மேல் வாசலின் தடவினேன். சுவரைத் தொட்ட கிளையையும் வெட்டிவிட்டேன், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

ஏப்ரல் 26
இன்று மனசு சரியில்லை. மாவுப்பூச்சி நடுவே நீளமான வெள்ளை இழைகளோடு பெரிய புழுக்கள் வேகமாக ஊர்ந்தன. நான்கைந்தை நசுக்கிவிட்டேன். அப்புறம்தான் வேளாண்மை படிக்கும் சித்தி மகளுக்குப் படம் அனுப்பினேன். "ஐயோ அக்கா, அது பொறிவண்டுக் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்குது" என்றாள். கிரிப்டோலேமஸ் என்று பெயராம், ஆஸ்திரேலிய வண்டு, 1898இலேயே நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்களாம்.

2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கையும் மல்பெரியையும் எப்படி நாசமாக்கியது! எத்தனை மருந்து அடித்தும் கேட்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த துளிக் குளவிகள்தான் அதை அடக்கின. இது தெரிந்தும் அவசரப்பட்டுவிட்டேன். இனி செம்பருத்திக்கு எண்ணெய் கிடையாது.

மே 4
கத்திரி தொடக்கம். ரோஜா இலைகளில் வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளில் தட்டினால் செம்புள்ளிகள் நகர்கின்றன. செஞ்சிலந்தி. காய்ந்த வெப்பம் அதற்குக் கொண்டாட்டம். காலையில் இலையின் அடிப்பக்கம் ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன். முட்டை பொரிந்துகொண்டே இருக்கும், ஒருநாளோடு விட முடியாது. தொட்டிகளை சிமெண்ட் தரையிலிருந்து எடுத்து வேப்பமர நிழலுக்கு மாற்றி, மண்மேல் தேங்காய் நார் பரப்பினேன். போர் தண்ணீர் உப்பு என்பதால் ரோஜாவுக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

மே 13
ராத்திரி அரை உழவு மழை. மண் வாசத்திலேயே தூக்கம் கலைந்தது. ரோஜாவில் புதுத் துளிர். செம்பருத்தியில் 2 பூ, ஆத்தா பிள்ளையாருக்குப் பறித்துக்கொண்டார். கீழ்க்கிளையில் இழை விட்ட வெள்ளைப் புழு மூன்று இருக்கின்றன. அந்தக் கிளையை யாரும் தொட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.