இறையியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

அக்கா மகள், மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் பாடப்பட்டியலோடு வந்து, "மாமா, இதில் பைபிள் பாடமே இல்லையே, நான் எப்படி இறையியல் படிப்பேன்?" என்று கலங்கிப் போனாள். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இந்தக் கலக்கம் பல வீடுகளில் இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் பைபிள் அறிவு என்ற பாடம் உண்டு. எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டாலும் வாசல் மூடாது. பிரிட்டனில்கூடப் பல பல்கலைக்கழகங்கள் இறையியலுக்குச் சமயப் பாடம் கட்டாயம் என்று சொல்வதில்லை. நீளமான நூலைப் பொறுமையாக வாசித்து, வாதம் செய்து எழுதத் தெரிய வேண்டும்.

அதற்கு எஸ்.டி.பி.எம். பாடங்களில் வரலாறுதான் என் முதல் தேர்வு. நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஆலயத்தில் சொல்கிறோம். கி.பி. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஏன் ஆயர்களை நிசேயா நகரில் கூட்டினார், ஆரியஸ் என்ற குரு இயேசுவைப் பற்றி என்ன போதித்தார் என்று தெரிந்தால்தான் அதன் ஒவ்வொரு வரியும் புரியும்.

அடுத்து தமிழ். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று எழுதிப் பழகிய நம் பிள்ளைக்கு அது புதிதல்ல. கிரேக்கமும் எபிரேயமும் கல்லூரியிலேயே தொடக்கத்திலிருந்து கற்றுக்கொடுப்பார்கள்.

பெங்காஜியான் அம் என்ற பொது அறிவுப் பாடம் எஸ்.டி.பி.எம்.மில் எப்படியும் கட்டாயம். அப்புறம் ஆங்கிலம், நூல்கள் பெரும்பாலும் அதில்தான்.

சிரம்பானில் இருக்கும் செமினாரி தியோலோஜி மலேசியா என்ற இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் நுழைவுத் தகுதியை நேரடியாகக் கேட்டுக்கொண்டு பாடங்களை முடிவு செய்யுங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.